பாம் கெர்னல் எண்ணெயில் சோப்பு, சருமப் பராமரிப்பு, தலைமுடிப் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025-இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியதும், வீட்டில் சோப்பு செய்கிற பலர் மாற்று தேட ஆரம்பித்தார்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்தில் சோப்பு செய்யக் கற்றுக்கொள்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களில் பாதிப் பேர் கையில் பாம் கெர்னல் எண்ணெயே இல்லை, வேறு எண்ணெய்தான் இருந்தது. அதனால் முதல் கேள்வி அதிலிருந்தே.

ரேஷன் கடை பாமாயிலும் பாம் கெர்னல் எண்ணெயும் ஒன்றுதானே?

இல்லை. மரம் ஒன்று, எண்ணெய் இரண்டு. மேற்கு ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட எண்ணெய்ப்பனையின் பழத்தில் வெளிச்சதையைப் பிழிந்தால் பாமாயில் வரும். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுப்பது அதைச் சுத்திகரித்து, கெட்டியான பகுதியைப் பிரித்துவிட்டு எடுத்த பாமோலின். அதே பழத்தின் கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை ஆட்டினால் வருவதுதான் பாம் கெர்னல் எண்ணெய்.

குணத்தில் இது பாமாயிலைவிடத் தேங்காய் எண்ணெய்க்குத்தான் நெருக்கம். இரண்டிலும் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். நுரை பொங்குவதும் அழுக்கு போவதும் சோப்பு கல் மாதிரி இறுகுவதும் அதனால்தான். பாமாயிலில் லாரிக் அமிலம் இல்லை என்றே சொல்லலாம். அதில் பெரும்பகுதி பால்மிடிக், ஒலேயிக் அமிலங்கள். அது சோப்புக்கு நீடித்து உழைக்கும் உடம்பைத் தரும், நுரையைத் தராது. நம் ஊர்ப் பனைமரத்துக்கும் இந்த இரண்டு எண்ணெய்க்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் இதை அதே அளவு ஊற்றலாமா?

எண்ணெயை அதே எடையில் எடுக்கலாம். காஸ்டிக் சோடாவை மறுபடி கணக்கிட்டே ஆக வேண்டும். 100 கிராம் தேங்காய் எண்ணெயை முழுக்கச் சோப்பாக்க சுமார் 18.3 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். பாம் கெர்னலுக்கு 17.6 கிராம் போதும். பாமோலினுக்கோ 14.1 கிராம்தான்.

500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 5 சதவீதம் குறைத்து 87 கிராம் காஸ்டிக் போடுவது உங்கள் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 87 கிராமைப் பாம் கெர்னலில் போட்டால், சருமத்துக்காக மிச்சம் விட்ட எண்ணெய் 1 சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிடும். தராசு ஒரு கிராம் தப்பினாலும் சோப்பு கையைக் கடிக்கும்.

பாம் கெர்னல் என்று நினைத்து ரேஷன் பாமாயிலை ஊற்றுகிறவர்களுக்கு இன்னும் மோசம். கீழே ஒரு கலவை கொடுத்திருக்கிறேன், அதை வைத்தே காட்டுகிறேன்.

வீட்டில் செய்ய ஒரு நல்ல கலவை சொல்லுங்கள்.

பாம் கெர்னல் எண்ணெய் 150 கிராம், பாமோலின் 200 கிராம், கடலை எண்ணெய் 100 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். மொத்தம் 500. இதற்குக் காஸ்டிக் சோடா 70 கிராம், தண்ணீர் 140 கிராம்.

கணக்கு இப்படி வருகிறது: பாம் கெர்னலுக்கு 26.4, பாமோலினுக்கு 28.2, கடலை எண்ணெய்க்கு 13.6, விளக்கெண்ணெய்க்கு 6.4. கூட்டினால் 74.6 கிராம். அதில் 6 சதவீதம் குறைத்தால் 70. குறைத்த அந்த 6 சதவீதத்துக்கு ஈடான எண்ணெய் சோப்பாகாமல் நின்று தோலுக்கு இதம் தரும். சூப்பர்ஃபேட் என்பது அதைத்தான்.

இப்போது 150 கிராம் பாம் கெர்னலுக்குப் பதில் தெரியாமல் பாமோலினே ஊற்றினால் என்ன ஆகும்? மொத்தத் தேவை 69.35 கிராமாக இறங்கிவிடும். நீங்கள் போட்டிருப்பது 70. எண்ணெய் மிச்சமே இல்லை, காஸ்டிக்தான் மிச்சம். அந்தச் சோப்பு பார்க்க அழகாகத்தான் இருக்கும், உடம்பில் போட்டால் எரியும்.

எல்லாவற்றையும் எடை போடுங்கள். டம்ளர், கரண்டி, மில்லி அளவு எதுவும் வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பேன்.

பாம் கெர்னலை 30 சதவீதத்துக்கு மேல் போட்டால் என்ன?

நுரை கூடும், கூடவே தோல் வறளும். லாரிக் அமிலச் சோப்பு அழுக்கோடு சேர்த்து தோலின் சொந்த எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும். குளிக்கிற சோப்புக்கு 20 முதல் 30 சதவீதம் சரியான இடம். வறண்ட தோல் என்றால் 15 போதும். பாத்திரம், துணி துவைக்க என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்.

எங்கே வாங்குவது? சரியான எண்ணெய்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மளிகைக் கடையில் கிடைக்காது. பார்க் டவுனில் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் இருக்கும் கெமிக்கல் கடைகளில், சோப்பு மூலப்பொருள் விற்பவர்களிடம் கேளுங்கள். “பாம் ஆயில்” என்று கேட்டால் பாமாயில்தான் வரும். “சுத்திகரித்த பாம் கெர்னல் ஆயில்” என்று முழுசாகக் கேளுங்கள். ஃப்ளேக்ஸ் என்று செதில் செதிலாகக் கொடுத்தால், அது ஹைட்ரஜன் ஏற்றியதாகவோ கெட்டிப் பகுதியை மட்டும் பிரித்ததாகவோ இருக்கும். அதற்குக் காஸ்டிக் கணக்கு வேறு.

விற்பவரிடம் பரிசோதனைச் சான்று இருந்தால் அதில் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். சப்பானிஃபிகேஷன் எண் (எண்ணெயைச் சோப்பாக்க எவ்வளவு காரம் வேண்டும் என்பதைக் காட்டுவது) 230-க்கும் 254-க்கும் இடையிலும், அயோடின் எண் (நிறைவுறாத கொழுப்பின் அளவைக் காட்டுவது) 14-க்கும் 21-க்கும் இடையிலும் இருந்தால் பாம் கெர்னல். முதல் எண் 194 முதல் 202 வரை, அயோடின் 56-க்கு மேல் என்றால் அது பாமோலின்.

சான்று இல்லையா? ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பாம் கெர்னல் தேங்காய் எண்ணெய் போலவே வெள்ளையாக, கெட்டியாக உறையும், கத்தியால் தட்டினால் உடையும். பாமோலின் மஞ்சளாகக் கலங்கிக் கூழாக நிற்கும். பாம் கெர்னலையும் தேங்காய் எண்ணெயையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. ஆனால் ஆபத்தான மாறாட்டம் பாமோலினோடுதான் என்பதால் இதுவே போதும்.

விலை விஷயத்தில் ரொம்பவும் எதிர்பார்க்க வேண்டாம். சோப்பு, ஷாம்பு ஆலைகளில் தேங்காய் எண்ணெய்க்கும் இதற்கும் ஒரே வேலை. ஒன்று ஏறினால் மற்றதும் பின்னாலேயே ஏறும்.

காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்ய முடியாதா? பயமாக இருக்கிறது.

முடியாது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. சரியாகக் கணக்கிட்டால் முடிவில் காஸ்டிக் மிச்சம் இருக்காது. பயம் இருப்பது நல்லதுதான், அந்தப் பயத்தோடு இவற்றைச் செய்யுங்கள்.

தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கரைசல் அடுப்பில்லாமலே 80 டிகிரிக்கு மேல் சூடேறும். எவர்சில்வர் பாத்திரமோ கெட்டியான பிபி (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக்கோ மட்டும்தான். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை விடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். இங்கே பல வீடுகள் ஒற்றை அறை, சமையலும் அதே இடம். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, ஜன்னல் ஓரத்திலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். யாராவது தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிட்டால் தொண்டை வெந்துவிடும்.

தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வினிகர், எலுமிச்சை எதுவும் ஊற்றாதீர்கள். குழாயில் தண்ணீர் வராத நேரம் நம் தெருக்களில் சகஜம் என்பதால், ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் நிரப்பி வைத்துவிட்டுத்தான் டப்பாவையே திறக்க வேண்டும். கண்ணில் பட்டால் அதே மாதிரி கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடைப்பு நீக்க விற்கும் பொடியை வாங்காதீர்கள், அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும். கடல் காற்றில் காஸ்டிக் டப்பா கொஞ்ச நேரம் திறந்திருந்தாலே செதில்கள் ஈரம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரமும் எடையில் சேரும், கணக்கு தப்பும். எடுத்ததும் மூடிவிடுங்கள்.

போர் தண்ணீரில் கரைக்கலாமா?

வேண்டாம். கேன் தண்ணீர் போதும். மீஞ்சூர், எண்ணூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. அந்த நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். பக்கெட் விளிம்பில் ஒட்டுகிற சாம்பல் நிறப் படலம் அதுதான்.

எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர்தான். எந்தச் சோப்பும் நுரைக்கவில்லை. பாம் கெர்னல் சோப்பு நுரைக்குமா?

நுரைக்கும். இந்த எண்ணெயை வடசென்னைக்குப் பொருத்தமானது என்று நான் நினைப்பதற்குக் காரணமே இதுதான்.

சோப்புக் கரைசலில் உப்பைப் போட்டால் சோப்பு திரிந்து மேலே மிதக்கும். பால்மிடிக், ஒலேயிக் போன்ற நீளமான கொழுப்பு அமிலங்களின் சோப்பு கொஞ்சம் உப்புக்கே திரிந்துவிடும். லாரிக் அமிலத்தின் மூலக்கூறு குட்டையானது, அதன் சோப்பு நிறைய உப்பைத் தாங்கும். அதனால்தான் கப்பலோட்டிகள் கடல்நீரிலேயே குளிக்கத் தேங்காய், பாம் கெர்னல் எண்ணெய்ச் சோப்பை வைத்திருந்தார்கள். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர்கள் நாள்கணக்கில் கடலில் இருப்பார்கள், நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் இருக்கும். அவர்களுக்கு இந்தச் சோப்பு உண்மையிலேயே உதவும்.

செய்முறை: பாம் கெர்னல் மட்டும் 500 கிராம். முழுத் தேவை 88 கிராம் காஸ்டிக். அதில் 20 சதவீதம் குறைத்து 70 கிராம் போடுங்கள், தண்ணீர் 140 கிராம். இவ்வளவு குறைப்பது ஏன் என்றால், முழு லாரிக் சோப்பு வறட்டும், மிச்ச எண்ணெய் அதைத் தணிக்கும். இது சீக்கிரம் இறுகும். மறுநாள் வரை விட்டால் வெட்டும்போது நொறுங்கும், அன்றைக்கே கை வைத்துப் பார்த்து, கெட்டியானதும் வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு சோப்புக்கும் தனி அச்சு இருந்தால் வெட்டுகிற வேலையே இல்லை.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை தொடங்கும்போது செய்து வைத்தால், படகு கிளம்பும் நாளில் சோப்பு நன்றாகக் காய்ந்து தயாராக இருக்கும். கடல்நீரில் குளித்தாலும் கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வது தோலுக்கு நல்லது.

எத்தனை நாள் காய வைக்க வேண்டும்? மழைக்காலத்தில் சோப்பு வியர்க்கிறதே?

4 முதல் 6 வாரம். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சோப்பில் இயல்பாகவே உருவாகும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால்தான் மேலே முத்து முத்தாக நிற்கிறது. கெட்டுப்போகவில்லை. மின்விசிறிக் காற்று படும் இடத்தில், இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே வெள்ளைப் பொடி பூத்தால் அது சோடா சாம்பல், ஈரத்துணியால் துடைத்தால் போகும். ஆரஞ்சுப் புள்ளியும் சிக்கு வாசமும் வந்தால்தான் எண்ணெய் கெட்டது. பாம் கெர்னலில் அது அபூர்வம், கூடப் போடும் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் பழசாக இருந்தால் வரும்.

காய்ந்த பிறகு ஈரச் சோப்பில், காரத்தின் அளவைக் காட்டும் பிஹெச் தாளை ஒட்டிப் பாருங்கள். 9, 10 இயல்பு. 11-க்கு மேல் என்றால் உடம்புக்கு வேண்டாம்.

அச்சில் ஊற்றியதும் துண்டு போர்த்த வேண்டுமாமே?

குளிர் தேசத்து வழக்கம். இங்கே தேவையில்லை. சித்திரை, வைகாசியில் போர்த்தினால் சூடேறி நடுவில் வெடித்துப் பொங்கும்.

மல்லிகை, லவங்க வாசனை சேர்த்ததும் கலவை கட்டியாகிவிட்டது, ஏன்?

பூ வாசனைத் தைலங்கள் பலவும் லவங்க எண்ணெயும் கலவையை வேகமாக இறுக்கும். பாம் கெர்னல் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எண்ணெய்களை அதிகம் சூடாக்காமல், வாசனையைக் கடைசியில் கையால் கலக்கி உடனே ஊற்றுங்கள்.

முகத்தில் நேராகத் தடவலாமா?

நான் சிபாரிசு செய்வதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் முகம் ஏற்கெனவே எண்ணெய் வடியும், இதுவும் சேர்ந்தால் துவாரம் அடைத்துப் பரு வரலாம். முழங்கை, குதிகால், கை வறட்சிக்கு நன்றாக வேலை செய்யும். முதல் முறை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். வெயிலிலிருந்து காக்கும், நிறம் கூட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரண்டும் இதனால் ஆகாது. கரப்பான், படை இருந்தால் எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பருப்பை வறுத்து எடுக்கும் கருப்பு நிற எண்ணெயைப் பிறந்த குழந்தைக்குக்கூடத் தடவுவார்கள். அது அவர்கள் நெடுங்காலமாகப் பழகிய எண்ணெய். கெமிக்கல் கடையில் சோப்புக்கென்று வாங்கிய டின்னை வைத்து நாம் அதைச் செய்யக் கூடாது. பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்.

குதிகால் வெடிப்புக்கு இதில் தைலம் செய்வது எப்படி?

பாம் கெர்னல் சுமார் 28 டிகிரியில் உருகிவிடும். சென்னையில் மார்கழி, தை விடியலில் மட்டும்தான் அது உறைந்து நிற்கும். அதனால் தேன்மெழுகு வேண்டும். 80 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் தேன்மெழுகு, கொதிநீரின் மேல் வைத்த பாத்திரத்தில் உருக்கி, சிறு டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். கோடையில் மெழுகை 5 கிராம் கூட்டலாம். இதற்குக் காஸ்டிக் தேவையில்லை.

பன்னீர், வீட்டுக் கற்றாழை எதையும் சேர்க்காதீர்கள். தண்ணீர் கலந்த எதுவும் பதப்பொருள் இல்லாவிட்டால் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாமல் கிருமியும் வளரும். வெடித்த குதிகாலில் அதைத் தடவுவது ஆபத்து.

தலைக்கு வைத்தால் முடி வளருமா?

எந்த எண்ணெயும் முடியை முளைக்க வைக்காது. இருக்கிற முடி உடையாமல் காக்க உதவலாம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் போவதைத் தேங்காய் எண்ணெய்தான் குறைத்தது, லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவுவதே காரணம் என்றார்கள். பாம் கெர்னலிலும் அதே அமிலம் என்பதால் அதே பலனை எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த ஆய்வில் இந்த எண்ணெய் இல்லை. தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டினால் தலைக்கு அதையே வையுங்கள், பாம் கெர்னலைச் சோப்புக்கு ஒதுக்குங்கள்.

வைப்பதாக இருந்தால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, முடியின் நீளத்தில் ஒன்றிரண்டு ஸ்பூன் போதும்.

பொடுகுக்கு?

வேண்டாம். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பு அமிலங்களைத் தின்று வாழ்கிறது, லாரிக் அமிலமும் அதற்குத் தீனி.

இந்தச் சோப்பைத் தலைக்கும் போடலாமா?

உப்புத் தண்ணீர் வீடுகளில் நிச்சயம் வேண்டாம். சோப்பின் காரம் முடியின் மேல் செதிலைத் தூக்கும், கசடு அதில் ஒட்டும், முடி பிசுபிசுவென்று ஆகிவிடும். சீயக்காய்க்கு அமிலத்தன்மை இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஷாம்பும் சரிதான். அதில் நுரை வரவைக்கும் பொருளே பெரும்பாலும் பாம் கெர்னல் அல்லது தேங்காய் எண்ணெயிலிருந்து தயாரானதுதான்.

எண்ணெய்ப்பனைக்காகக் காடுகளை அழிக்கிறார்கள் என்கிறார்களே?

உண்மை. இந்தோனேசியா, மலேசியாவில் பெருங்காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகப் போயின. சுமத்ரா, போர்னியோவின் உராங்குட்டான்களுக்கு வாழிடம் சுருங்கியது. இந்தியாவுக்கு வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். 2004-இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அமைப்பு பொறுப்போடு விளைந்த எண்ணெய்க்குச் சான்று தருகிறது. சில்லறையில் வாங்கும் நமக்கு அந்தச் சான்றுள்ள சரக்கு எளிதில் கிடைப்பதில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் தேங்காய் எண்ணெய்க்கே திரும்பிவிடலாம். காஸ்டிக்கை மறுபடி கணக்கிட்டால் போதும். வேறு எந்த நஷ்டமும் இல்லை.

குழுவாகச் செய்து விற்கலாமா?

வீட்டுக்கு, உறவுக்குக் கொடுப்பது வேறு. விற்பதென்றால் குளியல் சோப்பு, தைலம், தலை எண்ணெய் எல்லாம் சட்டப்படி அழகுசாதனப் பொருள்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 2020-இல் வந்த அழகுசாதன விதிகள் ஆகியவற்றின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் அதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தருகிறது. வீட்டுச் சமையலறைக்கு உரிமம் கிடைக்காது, தனி இடமும் தகுதி பெற்ற ஆளும் பரிசோதனை வசதியும் கேட்பார்கள். சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே உரிமம் உள்ள ஒரு சிறு ஆலையில் தங்கள் கலவையைச் செய்து வாங்குவது நடைமுறைக்கு எளிது. அப்போதும் உறையில் எல்லாப் பொருளின் பெயரும் இருக்க வேண்டும். பாம் கெர்னலில் செய்த சோப்பு உறையில் “சோடியம் பாம் கெர்னலேட்” என்று வரும், பாமாயிலில் செய்தது “சோடியம் பாமேட்”. கடைச் சோப்பு உறையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கும்.